ஹுஸ்னியா மிஸ்ஸின் நிதானம்

கல்முனையில் கடற்கரைப் பக்கமாகத் திரும்பும் ஒழுங்கையொன்றில் 'கரையோர ஆட்சேபனைகள் ஆராய்வுப் பணிமனை' இருக்கிறது. படகின் எஞ்சினை மாற்ற, கரையில் போட்ட மீன் வாடிக்கு ஒரு கதவு கூட்ட, வலை காயப்போடக் கம்பு நட விரும்புகிற எவரும், அதில் அரசாங்கத்துக்கு ஆட்சேபனையில்லை என்று இந்தப் பணிமனையிடம் ஒரு கடிதம் பெற வேண்டும். தொடங்கிய பதினேழு வருடங்களில் பணிமனை எதையும் ஆட்சேபித்ததில்லை. ஆனால் ஆட்சேபனை இல்லை என்பதை உறுதிப்படுத்த, சராசரியாக இரண்டு வருடமும் நான்கு மாதமும் தேவைப்பட்டன.

"ஆட்சேபன இருந்தா அண்டைக்கே சொல்லிருவம்" என்று பணிப்பாளர் ஷரிபுதீன் வந்தவர்களுக்கு விளங்கப்படுத்துவார். "இல்லாத ஒண்டத் தேடுறதுதான் கஷ்டம்."

ஹுஸ்னியா சாய்ந்தமருதுக்காரி. ஒன்பது வருடங்களுக்கு முன் முகாமைத்துவ உதவியாளராக அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரத்திலேயே பதினொரு கடிதம் எழுதி முடித்தாள். அவளுடைய தனிப்பட்ட ஆவணக் கோவையில் 'அவசர சுபாவம் உடையவர், கண்காணிக்கவும்' என்று பச்சை மையில் எழுதினார்கள். பிரதம முகாமைத்துவ உதவியாளர் பதவி மூன்று முறை வெற்றிடமானது. மூன்று முறையும் கோவையைத் திறந்தார்கள், பச்சை மையைப் பார்த்தார்கள், மூடினார்கள். அந்தப் பதவிக்கு அவள் ஆசைப்பட்டாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. சம்மாந்துறை அரிசி ஆலையில் வேலை செய்யும் அவள் கணவன் றிஷாட்டுக்கும் தெரியும், ஆறு வயது மகள் சஹ்லாவுக்கும் தெரியும்.

பிறகு, இரண்டு வருடங்களுக்கு முன், ஹுஸ்னியா மெல்ல மெல்ல ஒரு சிறந்த உத்தியோகத்தராக மாறத் தொடங்கினாள்.

முதலில் நடை குறைந்தது. ஒரு கோவையை எடுக்க எழும்பினால் அலுமாரிக்குப் போவதற்குள் எந்தக் கோவை என்பது மறந்துபோகும். திரும்பி வந்து உட்காருவாள். சித்திரை வெயிலில் கல்முனைத் தார் ரோட்டு உருகிக்கொண்டிருக்க, அவள் மாத்திரம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். அதிகம் சாப்பிடாமலே உடம்பு கூடியது. முகம் ஊதியது, குரல் கரகரத்தது. தோல் காய்ந்து குதிக்கால் வெடித்தது. சீப்பில் முடி கத்தையாக வந்தது. பணிமனையின் கொள்கை வயிற்றிலும் நடைமுறைக்கு வந்தது. உள்ளே போன எதுவும் இலகுவில் வெளியே வரவில்லை. எட்டு மணித்தியாலம் தூங்கிவிட்டு, தூங்காதவள்போல எழும்பினாள்.

இவை ஒவ்வொன்றையும் பணிப்பாளர் மகிழ்ச்சியோடு கவனித்தார்.

"பாருங்க" என்றார் ஒரு நாள், மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த அதிகாரியொருவருக்கு ஹுஸ்னியாவைக் காட்டி. "முகத்துல எவ்வளவு நெறவு. கொரல்ல எவ்வளவு அதிகாரம். ஒரு கேள்வி கேளுங்களன்."

அதிகாரி, "எப்பிடி வேலையெல்லாம் போகுது, மிஸ்?" என்று கேட்டார்.

ஹுஸ்னியா அவரைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தின் முள் நகரும் சத்தம் கேட்டது. வெளியே ஒரு மீன்காரன் ஹோன் அடித்துக்கொண்டு வந்து, விலை சொல்லி, போனான்.

"போகுது" என்றாள்.

"வாக்குறுதி இல்ல, முறைப்பாடு இல்ல, தகவலும் இல்ல" என்று பணிப்பாளர் தழுதழுத்தார். "இத ஒரு பயிற்சி நெறியில படிப்பிக்க ஏலுமா, சேர்?"

அந்த மாதம் பணிமனை தேசிய உற்பத்தித்திறன் போட்டிக்கு விண்ணப்பித்தது. அப்போட்டியின் முதற்படி எல்லாப் பொருள்களுக்கும் பெயர் ஒட்டுவது. மேசையில் 'மேசை' என்றும் ஜன்னலில் 'ஜன்னல்' என்றும் ஒட்டினார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஒட்டுக்குழு இரண்டாம் அறைக்கு வந்து முடித்துப் போன பின், பக்கத்து மேசைக் கேதீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். ஹுஸ்னியாவின் ஸ்வெட்டர் முதுகில் 'அலுமாரி - 3' என்று ஒட்டியிருந்தது.

"ஹுஸ்னியா! உம்மில லேபல் ஒட்டியிருக்காங்க!"

"ஓம்" என்றாள் ஹுஸ்னியா. "ஒட்டக்குள்ள தெரிஞ்ச. சொல்லுவம் எண்டு நெனச்சன்... மறுகா அவங்க போயிட்டாங்க."

கேதீஸ்வரி பாண்டிருப்புக்காரி. அவளுடைய தங்கைக்கு இதே மாதிரி முகம் ஊதி, இதே மாதிரி முடி கொட்டி, இதே மாதிரிக் குளிர்ந்திருக்கிறது. லேபலை உரித்தெடுத்துவிட்டு அவள் கேட்டாள்:

"வீட்டிலயும் இப்பிடித்தானா நீர்?"

ஹுஸ்னியா கொஞ்சம் யோசித்தாள். போன வெள்ளிக்கிழமை பின்னேரம் சஹ்லாவோடு கடற்கரைக்குப் போனது நினைவு வந்தது. பிள்ளை அலையைத் துரத்திக்கொண்டு ஓடினாள். ஹுஸ்னியா எட்டு அடி வைத்ததும் களைத்து, ஒரு தோணி விளிம்பில் உட்கார்ந்தாள். பிள்ளை திரும்பி வந்து அவளுடைய கையைப் பிடித்து, "உம்மா, நீங்க இஞ்சேயே இரிங்க, நான் ஒங்களுக்காகவும் ஓடிட்டு வாறன்" என்றது.

இதைக் கேதீஸ்வரியிடம் சொல்லும்போது ஹுஸ்னியாவின் கண் கலங்கியது. அதுவும் சற்றுத் தாமதமாகவே கலங்கியது.

"ஒழும்பும்" என்றாள் கேதீஸ்வரி. "டொக்டரிட்டப் போவம்."

டொக்டர் நுஸ்ஹா ஹுஸ்னியாவின் கழுத்தைத் தடவிப் பார்த்தார், நாடி பிடித்தார். ஒரு சின்னச் சுத்தியலால் குதிக்காலுக்கு மேலே தட்டினார். பாதம் துள்ளியது. ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பி வர அவசரப்படவில்லை. இரத்தம் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ரிப்போட் வந்தது.

"கழுத்துல, இந்த எடத்துல, வண்ணாத்திப்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இரிக்கி" என்றார் டொக்டர். "தைரொயிட். ஒடம்புல எந்தப் பகுதி எவ்வளவு சுறுக்கா வேல செய்யணும் எண்டத அது விடுற ஹோர்மோன்தான் சொல்லுற. அது கொறஞ்சா எல்லாமே ஆறுதலாகிரும், மெதுவாகிரும். இதயம் ஆறுதலாத் துடிக்கும். கொடல் ஆறுதலா அசையும். சூடு உண்டாகுறது கொறையும், அதான் ஒங்களுக்குக் குளிர். மூளைக்கும் மப்பு. ஒங்கட ஒடம்பக் காக்கிற படையே ஆள் மாறி அந்தச் சுரப்பிய அடிச்சிரிக்கி. அனேகமானவங்களுக்கு இப்பிடித்தான் வாற. ஒங்கட பிழ ஒண்டுமில்ல."

"ரீ.எஸ்.எச். அறுபத்திரெண்டு எண்டு போட்டிரிக்கி" என்றாள் ஹுஸ்னியா. "அது நல்லமா?"

"நீங்க ஒபீஸ்லதானே வேல? அப்ப விளங்கும். மூளைக்குக் கீழ இன்னொரு சுரப்பி இரிக்கி, அவர்தான் மேலதிகாரி. தைரொயிட் வேல செய்யாட்டி அவர் நினைவூட்டல் கடிதம் அனுப்புவார். அதான் ரீ.எஸ்.எச். பதில் வராட்டி மறுகா ஒண்டு, மறுகா ஒண்டு. நாலுக்குள்ள இரிக்கணும். ஒங்களுக்கு அறுபத்திரெண்டு."

ஹுஸ்னியா முதன்முறையாக ஒரு உத்தியோகத்தர் என்ற வகையில் வெட்கப்பட்டாள். "அறுபத்திரெண்டு நினைவூட்டலுக்கும் பதில் போடல்லயா?"

"இல்ல. அதுக்குத்தான் குளிச. தைரொக்ஸின். சுபஹு தொழுதுட்டு வெறும் வயித்துல பச்சத்தண்ணியோட விழுங்குங்க. தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழிச்சுத்தான். நாளைக்கே ஓடித்திரிவன் எண்டு நெனைக்காதீங்க, கெழமக்கணக்குல எடுக்கும். எட்டுக் கெழமையில மறுகா ரத்தம் பாப்பம். நல்லா வந்திட்டா எண்டு நீங்களா நிப்பாட்டவும் கூடா. சரியா கா?"

"ஓம்" என்றாள் ஹுஸ்னியா. இதைச் சொல்ல அவளுக்கு ஏழு வினாடிகள் பிடித்தன. டொக்டர் காத்திருந்தார்.

பிழை அடுத்த நாள்தான் நடந்தது. அரைநாள் லீவுக்கு விண்ணப்பத்தோடு ரிப்போட்டின் பிரதியை இணைக்க வேண்டும் என்பது விதி. பணிப்பாளர் ஷரிபுதீன் வாழ்நாள் முழுக்க இரண்டு நிரல்களைப் பார்த்துப் பழகியவர். ஒன்று இலக்கு, மற்றது அடைவு. ரிப்போட்டிலும் இரண்டு நிரல்கள் இருந்தன. வழமை: நான்கு வரை. ஹுஸ்னியா: அறுபத்திரண்டு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு அவசரப் பணியாளர் கூட்டத்துக்கு உத்தரவிட்டார். மூன்று கிழமையில் அது கூடியது.

"அன்பான உத்தியோகத்தர்களே" என்று தொடங்கினார். "பதினேழு வருசமா இந்தப் பணிமன எந்த இலக்கையும் அடஞ்சதில்ல. நான் ஒளிக்கல்ல. சில வருசம் இலக்கு என்னெண்டே தேடி எடுக்க ஏலாமப் போயிட்டு. இண்டைக்கி நம்மட ஹுஸ்னியா மிஸ், ஒரு பயிற்சியும் இல்லாம, ஒரு வாகனமும் கேக்காம, ஆயிரத்தஞ்ஞூறு வீதத்தத் தாண்டியிரிக்காங்க. மத்த ஒபீஸ்லெல்லாம் வேலய ஒத்திவெப்பாங்க, ஓம். ஆனா அது மனுசருட சோம்பல். நாள மறுநாள் திருந்திருவாங்க, நம்ப ஏலா. நான் ஒத்திவெக்கிறத ஒரு மொறையாக்கின நான். இப்ப அந்த மொற ஒரு உத்தியோகத்தருட ரத்தத்துலயே கலந்திரிக்கி. இதுக்கு ஆய்வுகூடச் சான்று இரிக்கி!"

கைதட்டினார்கள். ஹுஸ்னியாவும் தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகு.

கேதீஸ்வரி எழுந்தாள். "சேர், அது நோய் சேர்."

"எல்லாப் பெரிய தெறமையையும் தொடக்கத்துல அப்பிடித்தான் சொல்லுவாங்க, மிஸ். இரிங்க."

அன்றே இரண்டு தீர்மானங்கள் நிறைவேறின. ஒன்று, வெற்றிடமாக இருக்கும் பிரதம முகாமைத்துவ உதவியாளர் பதவிக்கு ஹுஸ்னியாவின் பெயரைப் போட்டிக்கான மதிப்பீட்டுக் குழு வரும் நாளில் அறிவிப்பது. இரண்டு, எல்லா உத்தியோகத்தர்களும் இரத்தப் பரிசோதனை செய்து, வருட முடிவுக்குள் பத்துப் புள்ளியையாவது எட்டுவது. சாரதிக்கு ஒன்று தசம் ஒன்பது வந்தது. அவருக்கு அறிவுரை வழங்கப்பட்டது. கணக்குப் பகுதிப் பெண்ணுக்கு மூன்று தசம் ஆறு. 'முன்னேற்றம் தெரிகிறது' என்று குறித்தார்கள். கேதீஸ்வரிக்கு இரண்டு தசம் ஒன்று. 'ஏன் இன்னும் வழமையாக இருக்கிறீர்?' என்று எழுத்தில் கேட்டார்கள். சிலர் ஸ்வெட்டர் போட்டுப் பார்த்தார்கள். களஞ்சியக்காரர் அதோடு மதியம் வரை இருந்து மயங்கி விழுந்தார், தண்ணீர் தெளித்தபோது எழும்பிவிட்டார். எழும்பிய வேகத்துக்காக அவருடைய புள்ளி குறைக்கப்பட்டது. பணிப்பாளர் தன்னுடைய இரத்தத்தை மூன்று முறை பரிசோதித்தார். மூன்று முறையும் இரண்டு தசம் நான்கு. அது இரகசியக் கோவையில் வைக்கப்பட்டது.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்க, ஹுஸ்னியா ஒவ்வொரு நாளும் சுபஹுக்குப் பிறகு குளிசையை விழுங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் கிழமை மின்விசிறியைப் போடச் சொன்னாள். ஐந்தாம் கிழமை ஸ்வெட்டரை வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். ஆறாம் கிழமை றிஷாட் ஏதோ பகிடி சொல்ல, சொல்லி முடித்த அதே நிமிடத்தில் சிரித்தாள். அவன் பயந்துபோய் இன்னொன்று சொல்லிப் பார்த்தான். அதற்கும் சிரித்தாள். எட்டாம் கிழமை டொக்டர் மறுபடி இரத்தம் பார்த்துவிட்டு, "ஏழுக்கு வந்திரிக்கி, இன்னும் கொஞ்சம் கொறையணும்" என்று குளிசையைச் சற்றுக் கூட்டினார். அந்தக் கிழமைதான் ஹுஸ்னியா அலுமாரிக்குப் போனாள், எதற்குப் போனாள் என்பது நினைவிலிருந்தது. எடுக்கப்போன கோவையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

அது ஒலுவில் ஜவுபர் காக்காவின் கோவை. ஒலுவில் துறைமுகத்தில் படகு வைத்திருப்பவர், எல்லோருக்கும் அண்ணன் முறையில் 'காக்கா'. எஞ்சின் மாற்றக் கடிதம் கேட்டு இருபத்தாறு மாதமாக வருகிறார். வந்தவர்கள் உட்கார்ந்து காத்திருக்கும் வாங்கில் அவருக்கென்று ஓர் இடம் இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்குச் சம்மாந்துறை பஸ் நேரங்களும் பக்கத்துக் கடையில் எந்த வடை நல்லது என்பதும் அவர்தான் சொல்லிக் கொடுப்பார்.

ஹுஸ்னியா கோவையை வாசித்தாள். கேட்க ஒன்றுமில்லை. இத்தகைய கடிதங்களில் உதவியாளரே 'பணிப்பாளருக்காக' என்று ஒப்பமிடலாம் என்ற ஒரு சுற்றுநிருபம் கோவையின் அடியிலேயே கிடந்தது. அதுவரை யாரும் அவ்வளவு ஆழத்துக்குப் போனதில்லை. கடிதத்தை அடித்து, ஒப்பமிட்டு, முத்திரை குத்தி, ஜவுபர் காக்காவின் கையில் கொடுத்தாள். ஏழு நிமிடம்.

அவர் தாளைப் புரட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன மகள்?"

"ஒங்கட கடிதம் காக்கா."

"நெசமாவா? ஒங்களுக்குப் பிரச்சின ஒண்டும் வராதா? இஞ்ச பாருங்க, எனக்காக ஒண்டும் கள்ள வேல செய்யாதீங்க மகள். புள்ளகுட்டிக்காரி நீங்க."

"கள்ள வேல இல்ல காக்கா. இதான் வேல."

"அப்ப நான் நாளைக்கி வரத் தேவல்லயா?"

"தேவல்ல."

அவர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வாங்கைப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். பிறகு தயங்கி, "இண்டைக்கி மட்டும் லுஹர் தொழுகை வரைக்கும் இருந்துட்டுப் போகட்டா?" என்று கேட்டார்.

ஒன்பது நாளில் நாற்பத்து மூன்று கடிதங்கள் போயின. பத்தாம் நாள் காலை பணிப்பாளர் வந்து பார்த்தபோது வாங்கு காலியாக இருந்தது. அதில் ஒட்டியிருந்த 'வாங்கு' என்ற லேபல் ஒட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக முழுதாகத் தெரிந்தது.

மதிப்பீட்டுக் குழு வர ஐந்து நாள் இருந்தது. 'பொதுமக்கள் ஈடுபாடு' என்ற தலைப்புக்கு இருபது புள்ளி. காத்திருக்கும் ஆட்களை எண்ணித்தான் அதைப் போடுவார்கள். பணிப்பாளர் ஜவுபர் காக்காவுக்குக் கோல் எடுத்து, ஒரு நாள் வந்து இருக்க முடியுமா என்று கேட்டார்.

"புது எஞ்சின் பூட்டிட்டன் சேர்" என்றது மறுபக்கம், அலைச் சத்தத்துக்கு மேலாக. "கடலுக்குள்ள நிக்கன்!"

பணிப்பாளர் ஹுஸ்னியாவைக் கூப்பிட்டார். அவள் கூப்பிட்டவுடனே வந்ததில் அவருக்கு மனம் இன்னும் உடைந்தது.

"ரிப்போட் புதுசு வந்தாமே. எவ்வளவு?"

"ஏழு சேர்."

"ஏழு!" அவர் நாற்காலியில் சாய்ந்தார். "அறுபத்திரெண்டு இருந்த ஆள். ஐம்பத்தஞ்சு புள்ளிய வீணாக்கிட்டீங்களே மிஸ். ஒரு குளிசையால."

"அந்தக் குளிசையாலதான் சேர் நான் நல்லா இரிக்கன்."

"நீங்க நல்லா இரிக்கிறது ஒங்கட தனிப்பட்ட விசயம். நான் பணிமனையப் பத்திக் கதைக்கன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச பாருங்க. நான் நீதமில்லாதவன் இல்ல. குழு வந்து போற வரைக்கும், அதுக்குப் பொறகும் ஒரு அஞ்சாறு மாசம், குளிசைய நிப்பாட்டுங்க. பதவி ஒங்களுக்கு. கதிர, தனி மேச, எல்லாம். ஒம்பது வருசமா நீங்க கேட்டது. இல்லாட்டி இந்த அவசரத்துக்கு நான் விளக்கம் கேக்க வேண்டி வரும்."

ஹுஸ்னியா அந்தக் கதிரையை நினைத்தாள். கை வைக்கும் இரண்டு பக்கமும் மெத்தை போட்ட கதிரை அது. ஒன்பது வருடம் அதைக் கடந்து போயிருக்கிறாள்.

"நேத்துக் கடக்கரையில எண்ட மகளத் தொரத்திப் புடிச்ச நான் சேர்" என்றாள். "ரெண்டு வருசத்துக்குப் பொறகு. புடிச்சதும் அவ என்ன கேட்ட தெரியுமா? 'உம்மா, இன்னொருக்கா ஓடுவமா?' எண்டு. நான் நிப்பாட்ட மாட்டன் சேர். நீங்க விளக்கம் கேளுங்க."

பணிப்பாளர் பேனாவை எடுத்து, ஒரு குறிப்பில் 'ஹுஸ்னியாவிடம் விளக்கம் கோருக' என்று எழுதித் தட்டில் போட்டார். நாற்பத்து மூன்று கடிதம், அனுமதியற்ற வேகம், பொதுமக்களைக் கலைத்தமை. இதோடு விடயம் எட்டு மாதத்துக்கு உறங்கும் என்றும், அதற்குள் இவள் பயந்து வழிக்கு வருவாள் என்றும் அவர் கணக்கிட்டார். உத்தியோகத்தர் ஒழுக்கம் தொடர்பான கடிதங்களைத் தயாரிப்பவர் யார் என்பதை அவர் மறந்திருந்தார். ஹுஸ்னியா அசையாமல் இருந்த காலத்தில், எதுவும் அசையக் கூடாத அந்தப் பகுதியை அவரே அவளுக்குக் கொடுத்திருந்தார்.

பன்னிரண்டு நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது.

"கடிதம் சேர். ஒப்பமிட்டாச் சரி. என்னட்ட விளக்கம் கேட்டிரிக்கி. அடுத்தது நான் தந்த விளக்கம். மூணாவது பதவி உயர்வுக் கடிதம். எனக்குத் தாற எண்டாலும் சரி, வேற ஆருக்கும் எண்டாலும் சரி, பேருக்கு எடம் விட்டிரிக்கன். எது தேவயோ அதுல போடுங்க."

பணிப்பாளர் மூன்று தாள்களையும் பார்த்தார். எழுத்துப் பிழை இல்லை. இலக்கம் சரி. திகதி இன்றையது. பேனா மூடியைத் திறந்தார். ஒரு தாளின் மேலே கையைக் கொண்டுபோனார், இழுத்துக்கொண்டார். அடுத்த தாளின் மேலே கொண்டுபோனார். வியர்த்தது. தொடங்கிய நாளிலேயே முடிந்த ஒரு விடயத்தில் அவருடைய ஒப்பம் எப்போதும் விழுந்ததில்லை. ஒருமுறை விழுந்தால், கேட்பவர்கள் எல்லாவற்றையும் அன்றைக்கே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

அவர் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, முதல் தாளின் மூலையில் 'ஆராய்க' என்று எழுதித் தட்டில் வைத்தார். நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஹுஸ்னியா தட்டிலிருந்து அவற்றை எடுத்துக்கொண்டு போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"ஆராஞ்சிட்டன் சேர்."

குழு வந்தது, எண்ணியது, போனது. கடிதங்களில் இன்னும் ஒப்பம் விழவில்லை. வேலை நாள்களில் காலை எட்டரைக்கு ஹுஸ்னியா அவற்றை ஒருமுறை ஆராய்ந்து, திகதியை மாற்றி, பணிப்பாளரின் மேசையில் வைக்கிறாள். பணிப்பாளர் 'ஆராய்க' என்று எழுதுகிறார். அதன் பிறகு அவள் அன்றைய வேலையைத் தொடங்குகிறாள். அது வழமையாகப் பத்தரைக்கு முடிந்துவிடும்.